காதுக்கு ஒண்ணுமில்லீங்க

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று எங்கள் சொந்தபந்தம் முழுக்க நம்பியதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் வேறு எந்தப் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித்தான் இருப்பாள். கொஞ்சம் தடுமாறிச் சொல்லியிருப்பாள். நான் தடுமாறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் மேட்டுப்பாளையத்துக்காரர்கள். அவருக்கு உருளைக்கிழங்கு மண்டி. மலையிலிருந்து லாரியில் இறங்குகிற கிழங்கு மூட்டைகளை ஏலம் விடுவது அவர் வேலை. அதற்கு முதலீடு தொண்டைதான். அவர் விலை கூவினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அது தெரியும். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. இப்படிக் கத்திக் கத்தியே முப்பது வருஷத்துக்குக் கிட்டே சந்தோஷமாகக் குடும்பம் நடத்திவிட்டோம்.

அவரிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், முதல் ஆளாகப் போய் நிற்பார். எங்கள் பக்கத்தில் சீக்காளியைப் பார்க்கப் போவது ஒரு கடமை. பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமாவாதுங்க, செரியாப் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் பேச்சு வந்துவிடும். கல்யாணத்துக்குப் போகாததைக்கூட மன்னிப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு வராததை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் இவர் பேச்சுக்குப் பயந்து போகிறவர் இல்லை. ஆசையாகப் போவார். போன இடத்தில் பக்கத்துக் கட்டில்காரரிடமும் என்ன சீக்கு என்று விசாரித்து, அவருக்கும் ஒரு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வருவார்.

அந்த மனிதர் பேச்சை நிறுத்தினார்.

காரணம் கேட்காதவர்கள் இல்லை, டாக்டர் உட்பட. எங்களுக்கே தெரியவில்லை. தொழிலில் நஷ்டமில்லை. வீட்டில் சாவு விழவில்லை. பங்காளிச் சண்டை எதுவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில், ஏலத்துக்கு நடுவில், வாயில் வர வேண்டிய விலை வராமல் நின்றுவிட்டாராம். அன்றைக்கு அவர் தம்பி சமாளித்திருக்கிறார். மறுநாளும் தம்பிதான். கொஞ்ச நாளில் மண்டியே தம்பி கைக்குப் போனது. இவர் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் முதலில் கோபப்பட்டேன். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் வைத்தேன். ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. உப்பில்லாத ரசத்தைப் பொறுத்துக்கொள்கிற ஆளோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

உள்ளூரில் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கோயமுத்தூரில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனோம். பட்டும் நகையும் வாங்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அந்தப் படியேறுவேன். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைக் கலக்கியது. இன்னொன்று தலையைச் சுற்றியது. அடுத்தது நன்றாகத் தூங்க வைத்தது, ஆனால் விழித்தபோது அதே ஆள்தான் விழித்தார். மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாக வராததால்தான் டாக்டரம்மா காந்த சிகிச்சை என்று ஒன்றைச் சொன்னார்.

எனக்குக் காந்தம் என்றதும் காந்தப் படுக்கை ஞாபகம்தான் வந்தது. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களே வீடு வீடாக வந்து அதை விற்பார்கள். மூட்டு வலியிலிருந்து சர்க்கரை வரை எல்லாம் போகும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று பரண்மேல் கிடக்கிறது.

"அந்தப் படுக்கை மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "இல்லீங்கம்மா. இது நெத்திக்கு மேல இடது பக்கமா ஒரு சுருளை வெச்சு, அதுல விட்டு விட்டு காந்த சக்தி அனுப்பறது. மூளைல அந்த எடம் இவருக்கு மந்தமாயிருக்குது. அதைத் தட்டித் தட்டி எழுப்பி உடறோம். கரண்ட் ஷாக் இல்லீங்க. மயக்க ஊசி கெடையாது. முழிச்சுட்டே உக்காந்திருக்கலாம், முடிஞ்சதும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போலாம்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேனுங்க. சிலருக்கு நல்லாக் கேக்குது, சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல" என்றும் சொன்னார். வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள் தொடர்ந்து வர வேண்டும் என்றார்.

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "நீ பாத்து எது சொன்னாலும் செரி" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

முதல் நாள் பல் டாக்டர் வீட்டு நாற்காலி மாதிரி ஒன்றில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் தகடு கிகடு வைத்திருக்கிறதா, இதயத்தில் கருவி உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். பிறகு டெக்னீஷியன் பெண், "மெட்டல் ஏதாச்சும் இருந்தாக் கழட்டிருங்கய்யா" என்றாள். கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், செல்போனை என்னிடம் கொடுத்தார். அப்புறம் தயங்கி என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி இருக்கிறது. நான் அந்தப் பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "தலைப்பக்கம் மட்டுந்தானுங்கம்மா" என்றாள்.

தலையில் ஒரு துணித் தொப்பியை மாட்டி, அதில் அளந்து புள்ளி வைத்தார்கள். அந்தச் சுருள் ஒரு பெரிய மூக்குக்கண்ணாடியைப் போல இருந்தது, இரண்டு வளையங்கள் பக்கத்தில் பக்கத்தில். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்க முதலில் ஒற்றைத் தட்டாகத் தட்டிப் பார்த்தார் டாக்டரம்மா. அங்கே "டக்" என்றதும் இங்கே அவர் வலதுகைக் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. மறுபடி டக், மறுபடி துள்ளல். அவர் தன் விரலையே வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த உடம்பில் ஏதோ ஒன்று துள்ளியதைப் பார்த்தேன், எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

அப்புறம் தினமும் அதே பாடுதான். பஸ், ஆட்டோ, நாற்காலி, தொப்பி. மிஷின் ஓட ஆரம்பித்தால் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி தொடர்ந்து ஒரு சத்தம், கொஞ்சம் நிற்கும், திரும்பவும் கொத்தும். சத்தம் பலமாக இருக்கும் என்பதால் அவருக்குக் காதில் பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு அடைப்பான் வைத்துவிடுவார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஒரு ஜோடி. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார். முடிந்ததும் லேசாகத் தலை வலிக்கும், ஒரு மாத்திரையில் போய்விடும்.

ஒருநாள் அந்த அடைப்பானை எடுக்க மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். மஞ்சள் நிறம் வேறு. நானும் கவனிக்கவில்லை. காரமடையில் அவருக்கு ஒன்றுவிட்ட அக்கா ஏறினார். ஏறியவர் எங்களைப் பார்த்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பி, "ஏந்தம்பி, ஆளையே பாக்க முடியறதில்ல?" என்று கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் அடைப்பான் இல்லாவிட்டாலும் அன்றைக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அந்த மஞ்சளைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, காதுல என்ன?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் எங்கள் ஒரே பையனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். பெண் அன்னூர் பக்கம். தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். ஜாதகம் பார்த்து, பெண்ணைப் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்து, நிச்சயம் செய்வதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். எங்கள் ஊர் அவ்வளவு மரியாதையான ஊர். "அவிய கொஞ்சம் ஒரு மாதிரி" என்று எங்கோ ஒருவர் சொன்னால் போதும். ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்தோம், பொருத்தம் சரியில்லை என்று பணிவாகப் போன் வரும்.

"காதுல அடைப்புங்க" என்றேன். "சரியாக் கேக்கறதில்லீங்க. ஆர்.எஸ்.புரத்துல வைத்தியம் பாக்கறமுங்க. தெனமும் போகோணுமுங்க."

"அடக் கெரகமே" என்றார் அக்கா, மனசாரக் கவலைப்பட்டு. அவர் மேட்டுப்பாளையத்தில் இறங்குவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செல்போன் எதற்கு இருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. மறுநாளிலிருந்து போன் செய்கிற அத்தனை பேரும் கத்தினார்கள். என்னிடமும் கத்தினார்கள், இரண்டு பேருக்குமே காது போய்விட்ட மாதிரி. சாயங்காலமானால் சொந்தபந்தம் ஒறம்பரையாக வர ஆரம்பித்துவிடும். பிரெட், ஆப்பிள், சாத்துக்குடி. பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஒரு குப்பியில். ஒருவர் காதுக்கு வைக்கிற மிஷின் விலையை விசாரித்துக்கொண்டே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே குனிந்து, "எப்படி இருக்குது?" என்று கூவுவார்கள். அவர் தலையை ஆட்டுவார். என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், "பாவம், எப்படி இருந்த மனுசன், மொகமே மாறிப் போச்சு" என்பார்கள். எல்லாம் அவர் காதில் தெளிவாக விழும்.

எனக்குச் சங்கடம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஊரில் உள்ள சீக்காளியை எல்லாம் போய்ப் பார்த்த மனிதர். அவருக்கு வந்த சீக்கு மட்டும் யாரும் பார்க்க வர முடியாத சீக்காக இருந்தது. தப்பான சீக்குக்கு என்றாலும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு மேஜைமேல் பிரெட் பாக்கெட்டுகள் அடுக்கியிருப்பதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்ன நினைத்தார் என்று தெரியாது. நான் அதைக் காப்பியில் நனைத்துக் கொடுப்பேன். சாப்பிடுவார்.

முதல் வாரங்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. டெக்னீஷியன் பெண்தான், "மெதுவாத்தாங்கம்மா தெரியும். அவருக்குத் தெரியறதுக்கு முன்னால உங்களுக்குத் தெரியும், பாருங்க" என்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எங்கே பொங்கும். அலுத்துப்போய் நான் பார்ப்பதை விட்டுவிட்ட ஒருநாள், திரும்பி வரும்போது பஸ்ஸில், "இந்த டிரைவரு நெம்ப மெதுவாப் போறான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரைவரைக் குறை சொல்கிறார். என் புருஷன் குறை சொல்கிறார். "ஆமாங்க, உருட்டிட்டுப் போறான்" என்றேன். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. அவர் திரும்பவும் ஜன்னலுக்குப் போய்விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது, அந்த டிரைவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண் வீட்டார் வருவதாகப் போன் வந்தது. நிச்சயத்துக்கு முன்னாலேயே சம்பந்தி ஆகப் போகிறவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த பிறகு எட்டிப் பார்க்காமல் இருந்தால் நாளைக்கு அது ஒரு குறையாகிவிடும் என்று அவர்களுக்குப் பயம். எனக்கோ காதுப் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். அவருக்குச் சலவை வேட்டி சட்டை எடுத்து வைத்து, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். காரிலிருந்து ஒரு குலை இளநீரும் ஒரு வாழைத்தாரும் இறங்கின, அதற்கு மேல் பிரெட், ஆப்பிள். பெண்ணின் அப்பா தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய மனிதர். சாதாரணமாகவே பலத்த குரல். அன்றைக்குக் காது கேட்காதவருக்காக அதையும் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே வாயை வைத்து, "இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

இவர் தலையை ஆட்டினார்.

"ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. செரியாப் போயிரும். எங்க பக்கத்துல ஒருத்தருக்கு இப்படித்தான் அடைச்சு, அப்புறம் தொறந்துருச்சு. கேக்குதுங்களா?"

நான் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தேன்.

"கேக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நெம்ப நல்லாக் கேக்குதுங்க. காதுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு மனசுதானுங்க செரியில்ல."

என் பையனின் கல்யாணம் என் கண் முன்னால் காரில் ஏறிப் போவது தெரிந்தது. அதே நேரத்தில் வேறொன்றும் தோன்றியது. நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிவிட்டார். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் எதற்கு முகம் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

பெண்ணின் அப்பா பிடித்த கையை விடவில்லை. குரலை மட்டும் இறக்கினார். "மனசுன்னா என்னங்க பண்ணுது?" என்று கேட்டார். சும்மா, வயிற்றுவலி என்றால் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி.

இவர் சொன்னார். ஏலத்துக்கு நடுவில் வாய் நின்றுபோனதைச் சொன்னார். காலையில் கண் விழித்தால் நெஞ்சின்மேல் மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி இருக்குமாம், எழுந்து பல் விளக்குவதே மலையேறுவதாகத் தெரியுமாம். சோறு மண்ணாக இருந்ததாம். அந்தக் காந்தச் சுருள், தொப்பி, கட்டைவிரல் துள்ளியது வரை எல்லாம் சொன்னார். பிறகு, அதே குரலில், "சில நாளு இருக்கவே வேண்டாம்னு தோணிப்போச்சுங்க. அத டாக்டரம்மாகிட்ட மட்டும் சொன்னனுங்க. இப்ப கொஞ்சம் பரவாயில்லீங்க" என்றார்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது. தினமும் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாது.

பெண்ணின் அம்மா காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் என்னோடு சமையல்கட்டுக்கு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இது பரம்பரையா வருமுங்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு நுனியில் ஒன்று தயாராகத்தான் இருந்தது. "எனக்குத் தெரியலீங்க" என்றேன். "டாக்டரம்மாகிட்ட வேணும்னா நீங்களே கேட்டுக்கோங்க, நம்பர் தாரேன்." அவர் நம்பரை வாங்கிக்கொள்ளவில்லை. "போயிட்டு வாரமுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். காரில் ஏறும்போது அந்த அம்மாவின் முகம் சரியாக இல்லை.

கார் தெருமுனை திரும்பியதும் எனக்குக் கோபம் வந்தது. கல்யாணத்தைக் கெடுத்தாரே என்று இல்லை. அது அப்புறம். "முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்டச் சொல்றீங்க. எங்கிட்ட ஏனுங்க சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பலமாகக் கேட்டது.

"உங்கிட்டச் சொன்னா நீ அழுவே" என்றார். "அவரு அழ மாட்டாரு."

நான் அழவில்லை. வாழைத்தாரை இழுத்து மூலையில் சாத்தினேன், பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

சாயங்காலம் பையன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவளுக்கு அது அப்பவே தெரியும்மா. நான் சொல்லிட்டேன்" என்றான். யாருக்கு என்று கேட்டேன். பெண்ணுக்காம். மருந்து ஒத்துக்கொள்ளாத கதையிலிருந்து காந்த சிகிச்சை வரை எல்லாம் போனில் பேசியாகிவிட்டதாம். அவள் வீட்டில் சொல்லவில்லை, இவன் என்னிடம் சொல்லவில்லை. நான் காதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அத்தனை பாடுபட்டது யாருக்காக என்று எனக்கே புரியவில்லை. அவனை நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன்.

அப்புறம் சில நாட்கள் போன் வரவில்லை. ஜாதகம் என்று சொல்வார்களா, பெண்ணுக்கு மேல்படிப்பு என்று சொல்வார்களா என்று நானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆர்.எஸ்.புரத்திலிருந்து திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. என் போன் இல்லை, அவருடையது. பெண்ணின் அப்பா. நான் ஈரக்காலோடு பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வாரமாக அந்தப் போனில் பேசியவர்கள் எல்லாம் கத்திய கத்தில் சமையல்கட்டு வரை கேட்டது. அன்றைக்குப் பார்த்து அந்த மனிதர் சாதாரணமாகப் பேசித் தொலைத்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "செரிங்க" என்றார் இவர். "ஆகட்டுமுங்க." "அதுக்கென்னங்க." வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாருங்க?"

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்கன்னு கேட்டாரு. காரு கொண்டாறாராம். அவரே கூட்டிட்டுப் போயிட்டு வாராராம். நீ ஒரு நாளாச்சும் ஊட்ல இருக்கோணுமாம்."

"கல்யாணப் பேச்சு?"

"அதான் பேசி முடிச்சாச்சேங்கறாரு. அந்தம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு கொஞ்சம் எறங்கலையாம், டாக்டரம்மாகிட்டப் பேசோணுங்கறாங்களாம். பேசட்டும்னு சொன்னேன்."

மறுநாள் அமாவாசை. காலையிலேயே கார் வந்தது. அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, "நீங்க நிம்மதியா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் அப்பா வண்டியை எடுத்தார். நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு முழுக் காலை கிடைத்திருக்கிறது. அலமாரியை ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்திருந்தேன். சாதத்துக்கு உலை வைத்துவிட்டுச் சமையல்கட்டுத் தரையில் சற்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், சில நாள் இருக்கவே வேண்டாம் என்று தோன்றிப்போன அந்தப் பேச்சு வந்தது. அந்தச் சில நாட்களில் நான் எந்த அறையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தேனோ. துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன். உப்பு போடாமல் ரசம் வைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவர் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்ததுதான் தாமதம், வாய்விட்டு அழுதேன். யாரும் இல்லாத வீட்டில் அழுவது ஒரு பெரிய வசதி. உலை கொதித்து வழிந்து அடுப்பு அணையும் வரை அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவி, பருப்பு வைத்து, வாழைக்காய் வறுத்து, பாயசம் வைத்து, காக்கைக்குப் போட்டேன். அவர்கள் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பெண்ணின் அப்பா இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். அந்த மரங்கொத்திச் சத்தத்தைத் தானும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு கேட்டதாகச் சொன்னார். வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

நான் பாத்திரங்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் படுக்கப் போகாமல் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். என் முகத்தையே பார்த்தார். அப்படி அவர் பார்த்து எவ்வளவு காலமாகியிருந்தது.

"ஏனம்மிணி, அழுதியா?"

"இல்லீங்க" என்றேன். "வெங்காயம் அரிஞ்சேன், அதுதான்."

"அமாவாசையன்னிக்கு எந்த ஊட்ல வெங்காயம் அரியறாங்க?" என்று கேட்டார். மண்டிக் குரல். பக்கத்து வீட்டில் பாத்திரம் துலக்குகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவர் வாசலை விட்டு நகரவில்லை.

"அன்னிக்கு அவருகிட்டச் சொன்னீங்களே, அத எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"நீ அழுவே."

"அழுது முடிச்சாச்சுங்க. சொல்லுங்க."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.